மவுன்ட் பண்ண முதல்

திருகோணமலையில் கடற்காற்று யூஎஸ்பி முனைகளைச் சீக்கிரமே கறுக்க வைத்துவிடும். எந்த டிஸ்க் வந்தாலும் முதலில் முனையைத் துடைப்பது என் பழக்கம். ஸ்டூடியோ நடத்தும் அண்ணா ஒருவர் கொண்டுவந்த 500 ஜிபி டிஸ்க்கையும் அப்படித்தான் துடைத்தேன்.

"தம்பி, கலியாணப் படம் முழுக்க இதுக்குள்ளதான். விண்டோஸில போட்டா ஃபோர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது."

"ஓம் எண்டு அமத்தினீங்களா அண்ணா?"

"இல்லைத் தம்பி."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லினக்ஸில், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் எஃப்டிஸ்க் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதி, வகை 7 என்றது. அது விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபாட் போன்ற கோப்பு முறைமைகளுக்கு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகளுக்கு) உரிய எண். இதை நம்பித்தான் வேறொரு கடையில் என்டிஎஃப்எஸ் திருத்தும் மென்பொருளை ஓட்டப் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, அண்ணா விடவில்லை. அந்த எண் பார்ட்டிஷனைப் பிரித்த அன்று அட்டவணையில் எழுதியது. பிறகு யாராவது எம்கேஎஃப்எஸ் என்ற ஃபோர்மட் கட்டளையை ஓட்டி உள்ளே வேறு கோப்பு முறைமை போட்டிருந்தாலும் எண் தானாக மாறாது.

டிஎஃப் கட்டளை இங்கே உதவாது, அது மவுன்ட் ஆனவற்றை, அதாவது கோப்புகளைத் திறக்கக் கணினியோடு இணைத்தவற்றைத்தான் காட்டும். கோப்பு முறைமையின் பெயரைக் காட்ட எல்எஸ்பிஎல்கே கட்டளையை -எஃப் சேர்த்துப் போட்டேன். லினக்ஸின் கோப்பு முறைமையான இஎக்ஸ்டி4 என்று வந்தது. இரண்டு பதில், இரண்டும் வேறு வேறு. அடுத்தவருடைய படங்களை வைத்துக்கொண்டு ஊகிக்க எனக்கு மனமில்லை. சரி, டிஸ்க்கையே கேட்போம் என்று பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ்டம்பை எடுத்தேன்.

இஎக்ஸ்டி குடும்பத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக், பார்ட்டிஷனில் முதல் 1024 பைட் தள்ளித் தொடங்கும். அதில் இன்னும் 56 பைட் உள்ளே போனால் அடையாள எண். 1080இல் இரண்டே பைட் வாசித்தேன்: 53, இஎஃப். இஎக்ஸ்டி குடும்பம்தான்.

அப்புறம், உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் ஃபைல் கட்டளையை -எஸ் சேர்த்து ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓட்டினேன். அதுவும் இஎக்ஸ்டி4 என்றது, கூடவே ஜேர்னலை (டிஸ்க்கில் செய்யும் மாற்றங்களின் குறிப்பேட்டை) மீட்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னது. டிஸ்க்கை ஒழுங்காகக் கழற்றாமல் இழுத்திருக்கிறார்கள். இந்த நிலையில் 'வாசிக்க மட்டும்' என்று மவுன்ட் பண்ணினாலும் ஜேர்னலைச் சரிசெய்யப் போய் டிஸ்க்கில் எழுதிவிடும். பலருக்கு இது தெரியாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: ஜேர்னலைத் தொடாதே என்னும் நோலோட் தெரிவையும் சேர்த்தால்தான் அது எழுதாது.

நான் அதையும் செய்யவில்லை. முழு டிஸ்க்கையும் டிடி என்ற கட்டளையால் பிரதி எடுத்து, பிரதியைத்தான் மவுன்ட் பண்ணினேன்.

மறுநாள் காலை அண்ணா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறக்கச் சொன்னார். கோணேசர் கோயிலில் நடந்த கலியாணம் ஒன்று வந்ததும், "இதைத்தான் தம்பி தேடினேன்" என்றார்.