யாரு டைட் பண்ணதுன்னு கேட்டப்ப

"யாரு பெல்ட்ட இவ்வளவு டைட் பண்ணது?" முதலாளி கேட்டது இவ்வளவுதான். மிஷின் ரிப்பேருக்குப் போன நான் வாயே திறக்கல. மில்லுல வேல பாக்குற பையன் "நான்தான் முதலாளி"ன்னுட்டான். பொய்யும் இல்ல, ஸ்பேனர் அவன் கையிலதான் இருந்துச்சு. ஆனா ஏத்துடான்னு சொன்னது நானு.

பர்மாவுல பெகு பக்கத்து நெல்லு மில்லு, கார்த்திகை அறுப்பு நேரம். இஞ்சின்லேர்ந்து, நெல்லு உமி நீக்குற ஹல்லருக்குப் போற ரெண்டு பி பெல்ட்டும் (V வடிவ ரப்பர் பெல்ட்டு) வெறுமனே ஓடுறப்ப சத்தம் காட்டாது, நெல்லக் கொட்டி லோடு ஏறுனதும் கீச்சுன்னு கத்தும், ரப்பர் கருகுற வாடை, கீழ கருப்புப் பொடி. எனக்கு முன்னாடி வந்தவரு ஒரு பெல்ட்ட மட்டும் மாத்தி வச்சிருந்தாரு. அது தப்பு, பழசு நீண்டு போயிருக்கும், புதுசு ஒண்ணே மொத்த இழுப்பையும் வாங்கும். நான் ரெண்டையும் ஜோடியா புதுசு போட்டேன். ரெண்டே நாள், மறுபடி வழுக்குது.

அப்பதான் பையன் குனிஞ்சு இஞ்சின் புல்லிய விரலால தடவிட்டு கேட்டான் (சயான்னா பர்மாவுல வாத்தியாரு), "சயா, பெல்ட்டு உக்காருற காடியோட அடி ஏன் கண்ணாடி மாதிரி மின்னுது?"

நானும் எட்டிப் பாத்தேன். பாத்தேன், அதுதான் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. இந்தப் பெல்ட்டு ரெண்டு பக்கச் சுவத்துலதான் பிடிக்கணும், அடியில தொடவே கூடாது, அடி மங்கலாத்தான் கெடக்கணும். மின்னுதுன்னா சுவரு தேஞ்சு பெல்ட்டு உள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கப்பறம் எத்தன புதுப் பெல்ட்டு போட்டாலும் வழுக்கத்தான் செய்யும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா. ஆனா புல்லி ரங்கூன்லேர்ந்து வரணும், முதலாளி காலையிலயே "இன்னைக்கு ஓட்டிக் குடுங்க சயா, மத்ததெல்லாம் பொறவு"ன்னு சொல்லிட்டாரு, வெளிய நெல்லு மூட்டையோட வரிசையா வண்டி நிக்குது, சனங்க ராத்திரியிலேர்ந்து காத்துக்கெடக்காங்க.

"அது கெடக்கட்டும்டா, இன்னும் ரெண்டு சுத்து ஏத்து."

ஏத்துனான். பெருவிரலால அமுக்கிப் பாத்தான். எங்க கணக்குக்கு 32 இன்ச் இடைவெளின்னா நடுவுல அரை இன்ச் அமுங்கணும். அவன் விரலு நகமெல்லாம் வெளுத்துப் போச்சு, பெல்ட்டு அசையல. "அமுங்கவே இல்லையே சயா"ன்னான். "ஏத்துன்னா ஏத்து"ன்னேன்.

மூணு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. நாலாவது நாள் ஹல்லர் பக்கத்து பேரிங் சூடேறி நீலம் பாஞ்சு இறுகிப் போச்சு, மில்லு நின்னுருச்சு. அன்னிக்கு சாயங்காலமே பையன் கணக்கத் தீத்து அனுப்பிட்டாங்க.

பேரிங்கும் பழசுதான், கிரீஸ் வச்சு எத்தன மாசமோ, டைட்டான பெல்ட்டு இழுத்த இழுப்பு ஒண்ணாலயேதான் போச்சுன்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆள் ஜாஸ்தின்னு முதலாளி அதுக்கு முன்னாடியே புலம்பிக்கிட்டுத்தான் இருந்தாரு, நான் சொல்லியிருந்தாலும் பையன இன்னொரு நாள் அனுப்பியிருப்பாரு. இப்படி நெனச்சா கொஞ்ச நேரம் மனசு ஆறும். அப்பறம் அந்தக் கேள்வி வந்து நிக்கும். நான் அவருகிட்ட மாசச் சம்பளம் வாங்குற ஆளு இல்ல, நான் சொல்லித்தான் செஞ்சான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப் போனா அந்த மில்லுக்கு மறுபடி கூப்பிட மாட்டாரு. அந்தப் பயம்கூட இல்லைன்னுதான் தோணுது. அத்தன பேரு முன்னாடி, என்னைய சயான்னு கூப்பிடுறவன் சரியா சொன்னத நான் தள்ளிவிட்டேன்னு ஒத்துக்க வாய் வரல.

தை மாசம் புல்லி வந்துச்சு. நானேதான் மாட்டுனேன், ரெண்டு புல்லிக்கும் நூல் பிடிச்சு நேர் பாத்து, புதுப் பெல்ட்டு விளிம்புக்கு சமமா உக்காந்துச்சு, அரை இன்ச் அமுங்குச்சு, லோடுலயும் சத்தம் இல்ல. அப்பதான் முதலாளிகிட்ட சொன்னேன், அன்னிக்கு ஏத்தச் சொன்னது நான்தான்னு. "முடிஞ்சு போனத விடுங்க சயா"ன்னு டீ ஊத்திக் குடுத்தாரு. நானும் குடிச்சேன்.

பையன் வீட்டுக்குப் போனேன். அவன் ரங்கூன்ல டீக்கடையில நிக்கிறானாம். அவங்க அம்மா பாய் விரிச்சு உக்கார வச்சு, "உங்ககிட்டதான் தொழில் கத்துக்கிட்டேன்னு எப்பவும் சொல்லுவான்யா"ன்னாங்க. நான் எதுக்கு வந்தேன்னு அவங்ககிட்ட சொல்ல முடியல. நம்பர் மட்டும் வாங்கிட்டு வந்தேன். அத மில்லு பேர்லதான் போன்ல போட்டு வச்சிருக்கேன், இன்னும் கூப்பிடல.