கடைசியாகக் குடித்தது எப்போது?

ஜூன் 3

குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களைத் தங்கவைக்கும் நம் இல்லத்தின் வாசலில் வந்து நிற்பவரிடம் பெயருக்கு அடுத்து கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியா எப்போ குடிச்சீங்க?" நேரம், அளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் சேர்க்கைப் புத்தகத்தில் எழுத வேண்டும். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, நிறுத்திய 6 முதல் 12 மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை இன்னொரு ஆபத்து: இல்லாத உருவங்களைப் பார்த்துப் பேசுவது, இருக்குமிடம் தெரியாமல் தவிப்பது, காய்ச்சல். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிரே போகலாம்.

எனவே "கடவுளை நம்பிக் குடியை விட்டுவிடு, இன்றைக்கே நிறுத்து" என்று எந்த ஊழியரும் சொல்லக் கூடாது. முன்பு வலிப்பு கண்டவரும், நடுக்கம் கூடிக்கொண்டே போகிறவரும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். துணைக்குப் போகிறவர் வண்டியிலேயே அவருக்காகப் பிரார்த்திக்கலாம். தங்குகிறவர்களுக்கு முதல் வாரம் அடுக்குக் கட்டிலில் கீழ்த் தட்டுதான், வலிப்பு வந்து மேலிருந்து விழுந்துவிடக் கூடாது.

ஜூன் 4

குடித்து ஒரு நாள் கழிந்தும் ஒருவர் தள்ளாடினால், கண்கள் நிலையில்லாமல் அலைந்தால், பேச்சு குழம்பினால், அதைப் போதை என்று நினைத்துத் தூங்க விட்டுவிடாதீர்கள். நெடுநாள் குடியால் தயமின் என்னும் வைட்டமின் பி1 வற்றிப்போனதன் அடையாளமாக இருக்கலாம். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் வேளையே வயிறு நிறையப் போடுவதும் தவறு. இரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

கைகழுவும் கிருமிநாசினித் திரவத்தில் பொதுவாக 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும், அதையே எடுத்துக் குடித்துவிடலாம். அது அலுவலக மேசையில் மட்டும், குளியலறையில் சோப்பு.

ஜூன் 7

தோலுக்குள் புகும் நுண்பூச்சியால் பரவும் சிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. கழுத்திலிருந்து பாதம்வரை, விரலிடுக்கு விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஒரு வாரத்தில் மறுபடியும். நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: சொறிகிறவருக்கு மட்டும் பூசிவிட்டு, அதே அறையில் படுத்தவர்களை விட்டுவிடுவது. எல்லோருக்கும் ஒரே நாளில் பூசி, துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும்.

துவைக்க முடியாத சாமான்களைக் குப்பையில் போடாதீர்கள். பெயர் எழுதிய பையில் இறுகக் கட்டி, அவர் கண்முன்னே பூட்டி வையுங்கள். பையைப் பறித்தால் பலர் அன்றிரவே வெளியேறிவிடுவார்கள்.

ஜூன் 9

காலைப் பிரார்த்தனைக்கு வந்தால்தான் படுக்கை என்ற விதி வேண்டாம். படுக்கைக்காகக் கைகூப்பக் கற்றவர், மறுபடி குடித்துச் சறுக்கிய நாளிலும் அதையே செய்து மறைப்பார். நமக்கு வேண்டியது அவர் வாய்திறந்து உண்மை சொல்வது. குடியிலிருந்து மீள்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்க 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் சேர, குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே நிபந்தனை. கடவுளின் பெயரால் நடக்கும் இல்லம் அதைவிடக் குறுகிய வாசல் வைக்கலாமா?

ஜூன் 14

ஹெராயின் போன்றவற்றை நிறுத்தியவர்களுக்கு வேறு கணக்கு. உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் இரண்டு மூன்று நாளில் உச்சமடைந்து, ஒரு வாரம் பத்து நாளில் தணியும். பேராபத்து அதற்குப் பிறகுதான். போதைமருந்தை உடம்பு தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சறுக்கியவரை இரவோடு இரவாக வெளியே அனுப்புவதைப் போன்ற கொடிய தவறு வேறில்லை.

ஹெராயின் போன்றவை அளவு மீறி மூச்சு அடங்கியவரை மீட்கும் மருந்தான நாலோக்சோன் மூக்குத் தெளிப்பான் ஒவ்வொரு மாடியிலும் இருக்கட்டும். மூச்சு திரும்பாவிட்டால் 2, 3 நிமிடத்தில் இரண்டாவது. மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான். எழுந்து உட்கார்ந்தவர் மீண்டும் மயங்கலாம், தனியே விடக் கூடாது. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் தரும் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் என்ற மருந்துகள் இரண்டும் சிகிச்சை. "இதுவும் போதைதானே" என்று நிறுத்தச் சொல்லாதீர்கள். பூட்டிய அலமாரியில் வைத்து, வேளைக்கு வேளை கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

ஜூன் 20

வாடகை அறைக்கு மாறுகிறவருக்குச் சாவி கிடைக்கும் முன்பே அடையாள ஆவணங்கள், ஒரு மாத மருந்துச் சீட்டு, குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்கிறவர்களின் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் கையில் இருக்க வேண்டும். முதல் நாள் மாலை, மூன்றாம் நாள், ஏழாம் நாள் யார் போய்க் கதவைத் தட்டுவது என்பதைப் பெயர்போட்டு எழுதிவைக்கிறோம்.