வெண்கலச் சர்ப்பமும் எண்ணெய்க் குப்பியும்

விக்கிரகாராதனை என்றதும் அடுத்தவர் வீட்டைப் பார்ப்பது விசுவாசிகளாகிய நமக்குப் பழக்கம். வேதம் காட்டும் ஆபத்தோ பலமுறை தேவன் தந்த பொருளிலேயே தொடங்குகிறது.

எண்ணாகமம் 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வனாந்தரத்தில் பாம்பு கடித்து இஸ்ரவேலர் செத்துக்கொண்டிருந்தபோது, வெண்கலச் சர்ப்பத்தைச் செய்யச் சொன்னவர் கர்த்தர். அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். வேலை முடிந்தும் ஜனங்கள் அதை விடவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, 2 இராஜாக்கள் 18:4இல், அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருக்கிறார்கள். யூதாவின் ராஜா எசேக்கியா அதை உடைத்தே போட்டார். நினைவுச்சின்னமாக ஓரத்தில் வைக்கவில்லை.

மீதியானியரிடமிருந்து இஸ்ரவேலை மீட்ட கிதியோன் காரியம் (நியாயாதிபதிகள் 8) இன்னும் வேதனை. ராஜபதவியை மறுத்தவர், கையோடு ஜனங்கள் கொள்ளையிட்ட கடுக்கன்களைக் கேட்டு வாங்கினார். 1700 சேக்கல் பொன், ஏறக்குறைய 19 கிலோ. அதில் செய்த ஏபோத்தை (ஆசாரியர் அணியும் மேலாடை) இஸ்ரவேலர் வணங்கத் தொடங்க, அது அவர் வீட்டாருக்கே கண்ணியாயிற்று.

நம் காலத்துக் கண்ணி ஜெபித்த எண்ணெயாக இருக்கலாம். யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவருக்கு எண்ணெய் பூசச் சொல்கிறது. எழுப்புகிறவர் கர்த்தர் என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது. ஆனாலும் குப்பி தீர்ந்தால் பயம். தலையணைக்கடியில் வேதாகமம் இல்லாவிட்டால் தூக்கமில்லை. குறிப்பிட்ட ஊழியர் கைவைக்காவிட்டால் ஜெபித்த திருப்தியே இல்லை. அந்தப் பொருளை ஒரு மாதம் தள்ளிவைத்து, அதே காரியத்துக்காக நேரடியாக ஜெபியுங்கள். மனம் பதறினால், நம்பிக்கை எதன்மேல் இருந்தது என்று தெரிந்துவிடும்.

பொருளாசையையும் கொலோசெயர் 3:5 விக்கிரகாராதனை என்றே சொல்கிறது. அங்கே கொடுத்துத்தான் பழக வேண்டும்: சம்பளம் வந்த அன்றே, செலவுக்கு எடுக்குமுன், ஏழைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிடுங்கள்.