தலையணை உறைக்குள் இட்லி: தத்தெடுத்த பிறகு உதவி தேடி அலைந்த அனுபவம்

மகள் வீட்டுக்கு வந்து பதினேழாவது நாள். படுக்கையை உதறும்போது தலையணை கனமாக இருந்தது போலப் பட்டது. உறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். காய்ந்து கல்லாகிப் போன இட்லித் துண்டு இரண்டு, பாதி கடித்த பிஸ்கட், எறும்பு வரிசை. அவளுக்கு அப்போது இரண்டு வயது நாலு மாதம். ஒரு வேளைகூட நாங்கள் சாப்பாட்டுக்குக் குறை வைத்ததில்லை. அத்தை பார்த்துவிட்டு, "முளையிலேயே கிள்ளிடும்மா, ரெண்டு அதட்டு அதட்டினா சரியாயிடும்" என்றார். நானும் பிடுங்கிப் போட்டுவிட்டு அதட்டினேன். அன்று ராத்திரி அவள் விடிய விடிய அழுதாள். அந்தத் தப்பை நான் செய்யாமல் இருந்திருக்கலாம். எங்கே போய்க் கேட்பது என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தத்தெடுப்புக்குப் பதிவு செய்வது, காத்திருப்பது பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான். 2019-ல் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் தளத்தில் பதிவு, வீட்டுக்கு வந்து எங்களை விசாரித்த ஹோம் ஸ்டடி, பிறகு மூன்றரை வருடக் காத்திருப்பு. 2023 ஜனவரியில் குழந்தையின் விவரமும் படமும் வந்தன. 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், சொன்னோம். பிப்ரவரியில் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஜூனில் ஆட்சியரின் ஆணை. அதுவரைக்கும் எதற்கும் ஒரு வழி இருந்தது, ஒரு எண் இருந்தது, அடுத்து என்ன என்று சொல்ல ஆள் இருந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விடுப்பு. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் கொண்டுவந்த திருத்தப்படி, தத்தெடுக்கும் தாய்க்குப் பன்னிரண்டு வாரம் உண்டு. ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்றது அன்றைய சட்டம். குழந்தையைச் சட்டப்படி தத்துக்கு விடுவித்து, இணையத்தில் ஏற்றி, நமக்குக் காட்டும்போதே பெரும்பாலும் மூன்று மாதம் தாண்டிவிடும். "மேடம், ரூல்ல இடம் இல்லை" என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். சேர்த்து வைத்திருந்த ஈட்டிய விடுப்பு பதினெட்டு நாள். பதினேழாவது நாள் இட்லியைப் பார்த்தேன், பத்தொன்பதாவது நாள் வேலைக்குப் போனேன். இந்த நிலைமையில் இருப்பவர்கள் பதிவு செய்யும்போதே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். குழந்தையின் படம் வந்த பிறகு பேச நேரமும் இருக்காது, மனசும் இருக்காது.

ஏப்ரலில் குழந்தை மருத்துவரிடம் போனோம். பேச்சு வரவில்லை, ராத்திரி தூக்கத்தில் கத்துகிறாள், சாப்பாட்டை ஒளித்து வைக்கிறாள் என்று சொல்லத்தான் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பிறந்ததும் அழுததா? உங்களுக்கு பி.பி. இருந்ததா?" தத்தெடுத்த குழந்தை என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த மாதிரிக் குழந்தைங்க கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பழகிக்கோங்க" என்றார், அவளை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் என்னிடம். ஒரு சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் இன்னொரு மருத்துவரிடம் போகவில்லை. வாயைத் திறந்தால் இன்னொரு முறை அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம்தான் காரணம்.

இதைவிடப் பெரிய தப்பு ஆகஸ்டில் நடந்தது. குழந்தை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும். ஃபாலோ-அப் என்பார்கள். முதல் ஃபாலோ-அப்புக்கு முந்தின நாள் வீட்டை ஒட்டடை அடித்தோம், பொம்மைகளை வரிசையாக அடுக்கினோம், பாப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டோம். அவர் வந்து, "எப்படிப் போகுது, ஏதாவது சிரமம் இருக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லை மேடம், நல்லா இருக்கா" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். ராத்திரித் தூக்கம் இல்லாமல் எனக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவர் ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனார். சிரமம் என்று சொன்னால் "உங்களால் முடியவில்லை" என்று எழுதிப் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்தோம். தத்து ஆணை வந்துவிட்டால் பிள்ளை எல்லா வகையிலும் நம் பிள்ளை என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சொல்கிறது. ஆணை வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோமே தவிர, அதற்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் உட்கார்ந்து படித்திருக்கவில்லை.

இதற்கு நடுவில் பிறப்புச் சான்றிதழ் அலைச்சல். மகள் இருந்த இல்லம் வேறு மாவட்டம். திண்டுக்கல்லிலிருந்து பேருந்தில் ஐந்து மணி நேரம். சான்றிதழ் அங்கேதான் வாங்க வேண்டும். முதல் தடவை போனபோது அங்கிருந்த எழுத்தர், "கோர்ட் ஆர்டர் எங்கே?" என்றார். "சார், 2022 செப்டம்பர் ஒண்ணாம் தேதியிலிருந்து தத்து ஆணை கலெக்டர்தான் போடறாங்க, கோர்ட் இல்லை" என்று சொன்னேன். "எங்களுக்கு அப்படி ஒண்ணும் வரலியே" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார். இரண்டாவது தடவை, பிறந்த மருத்துவமனையின் பெயர் வேண்டும் என்றார். கைவிடப்பட்ட குழந்தைக்கு அது எங்கிருந்து வரும்? அவளைப் பற்றிய குழந்தை அறிக்கையில் குழந்தை கிடைத்த இடம்தான் இருக்கிறது. அதை அந்தக் கவுன்டரில், பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்லச் சொன்னார். நான் சொல்லவில்லை. திரும்பி வந்துவிட்டோம். பேருந்தில் என் கணவர் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாவது தடவை சான்றிதழ் கைக்கு வந்தது. தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "தத்து" என்று அச்சாகியிருந்தது. பள்ளியில், பாஸ்போர்ட்டில், வாழ்நாள் முழுக்க எங்கே நீட்டினாலும் முதலில் கண்ணில் படுவது அந்தச் சொல்லாகத்தான் இருக்கும். தத்தெடுத்தவர்களின் பெயரைப் பெற்றோர் என்றே போட்டு, ஆணையில் இருக்கும் பிறந்த தேதியோடு சான்றிதழ் தர வேண்டும் என்று தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் 2022 தெளிவாகச் சொல்கின்றன. நான்காவது தடவை அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒரு கடிதமும் வாங்கிக்கொண்டு நேராக மேலதிகாரியிடம் போனேன். அவர் படித்தார், எழுத்தரைக் கூப்பிட்டார், இருபது நிமிடத்தில் திருத்திய சான்றிதழ் வந்துவிட்டது. நான்கு பயணம், நான்கு மாதம். நீங்கள் போவதாக இருந்தால் முதல் தடவையே அந்தப் பக்கத்தின் நகலோடு போங்கள். முடிந்தால் இல்லத்தையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அவர்களும் விண்ணப்பிக்கலாம். இன்ஷியல், பிறந்த தேதி, பெயரின் எழுத்து எல்லாவற்றையும் கவுன்டரிலேயே நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நவம்பரில் விளையாட்டுப் பள்ளியில் சேர்த்தோம். ஆறாவது நாள் இன்னொரு குழந்தையின் டிபனை எடுத்தாள், தடுத்த கையைக் கடித்துவிட்டாள். "கொஞ்ச நாள் வீட்டிலேயே வச்சிருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளி வாசலில் உட்கார்ந்து சமூகப் பணியாளருக்கு போன் பண்ணினேன். ஹலோ என்றதும் அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இதைத்தான் மேடம் அன்னைக்கே எதிர்பார்த்தேன். நான் வர்றது பரிசோதனைக்கு இல்லை, இதுக்குத்தான்" என்றார். அன்று சாயங்காலமே எனக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் டி.ஈ.ஐ.சி. என்ற ஆரம்பநிலை இடையீட்டு மையம். இன்னொன்று, மதுரையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும், தத்தெடுத்த பெற்றோர்களின் சின்னக் குழு.

இந்த மையத்தைப் பற்றி எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் எல்லோரும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. அந்த உளவியலாளர் பிறப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இல்லத்துல எத்தனை மணிக்குச் சாப்பாடு கொடுத்தாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். குழந்தை அறிக்கையை எடுத்துக் காட்டினேன். மணி அடித்தால் சாப்பாடு, தட்டை எடுத்துவிட்டால் அடுத்த மணி வரைக்கும் இல்லை. "அடுத்த வேளை வரும்னு அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரலைம்மா. ஒளிச்சு வைக்கிறதைப் பிடுங்காதீங்க. அவ கைக்கு எட்டுற இடத்துல ஒரு டப்பா வைங்க. அது என்னைக்கும் காலியா இருக்கக் கூடாது" என்றார்.

அன்றே ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி அடுக்களையில் கீழ்த்தட்டில் வைத்தோம். பொட்டுக்கடலை, முறுக்கு, ஒரு வாழைப்பழம். முதல் வாரம் ஒரு நாளைக்கு இருபது தடவை போய்த் திறந்து பார்த்தாள். சாப்பிடவில்லை, மூடியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். நடுராத்திரியில் எழுந்து இருட்டில் தவழ்ந்து போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அத்தைக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பிறகு ஒருநாள் நான் அலுவலகம் விட்டு வரும்போது அத்தையே உட்கார்ந்து அந்த டப்பாவுக்கென்று சின்னச் சின்னத் தேன்குழலாகப் பிழிந்துகொண்டிருந்தார். தலையணை உறை ஜனவரி கடைசியில் காலியானது. 2024 பிப்ரவரியில் இரண்டாவது ஃபாலோ-அப் வந்தபோது பாப்பா டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து சமூகப் பணியாளர் கையில் ஒரு முறுக்கை வைத்தாள். "எடு" என்றாள். அவள் வாயிலிருந்து யாருக்கோ ஒன்றைக் கொடுக்க வந்த முதல் சொல் அது.

மதுரைக் குழுவில் ஒரு அக்காவைப் பார்த்தேன். அவர் தத்தெடுக்கவில்லை, ஃபாஸ்டர் கேர் என்கிற வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்துக்கு மட்டும், ஒரு பையனை வைத்திருக்கிறார். அவர் பாடு வேறு. குழந்தைகள் நலக் குழுவின் ஆணை ஒன்றுதான் கையில். பள்ளியில் "பெற்றோர் யார்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதிலிருந்து எல்லாம் இழுபறி. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் நாலாயிரம் ரூபாய் உதவித்தொகை உண்டு, ஆனால் அவருக்கு மாதாமாதம் வந்து சேர்வதில்லையாம். பையனுடைய அம்மா உடல் தேறி வந்தால் அவனை அனுப்ப வேண்டும். அதற்கும் தயாராக இருந்துகொண்டு அவனை வளர்க்க வேண்டும். ஆணையின் நகல் ஐந்தாறு எடுத்துப் பையிலேயே வைத்திருக்கிறார், போகிற இடத்தில் எல்லாம் கொடுக்க. நம்மைப் போன்றவர்களுக்கு என்று பேசும் இடங்களில்கூட இவர்களை மறந்துவிடுகிறோம். தத்தும் வளர்ப்பும் ஒன்று என்று நினைத்து யாராவது அவருக்கு யோசனை சொன்னால் அவர் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உதவி தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஆலோசனைக் குழு என்ற பெயரில் போனில் சேர்ந்த ஒன்றில், இரண்டாவது நாளே தனியாக ஒரு செய்தி வந்தது: "பச்சைக் குழந்தை இருக்கு, காத்திருக்க வேண்டாம், தொகை பேசிக்கலாம்." உடனே வெளியேறி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொன்னேன். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து வருடம் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். காத்திருப்பவர்களின் ஏக்கத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். பிள்ளையின் படத்தையும் கதையையும்கூட அப்படிப்பட்ட இடங்களில் போடாதீர்கள். நான் இங்கே மகள் பெயரையோ எந்த இல்லம் என்பதையோ எழுதாததும் அதனால்தான். குழந்தை அறிக்கை, மருத்துவ அறிக்கை, ஆணை மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பின்னாளில் தன் வேரைத் தேட அவளுக்கு உரிமை உண்டு. அன்றைக்கு அந்தத் தாள்களை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஃபாலோ-அப்புக்கு யாராவது வருவதாக இருந்தால் வீட்டைப் பெருக்காமல் விட்டாலும் பரவாயில்லை, கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எங்கள் மூன்றாவது, நான்காவது ஃபாலோ-அப் அப்படித்தான் நடந்தன. "எங்கிருந்து வந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?" என்பதிலிருந்து பள்ளியில் யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது வரைக்கும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். கடைசி அறிக்கை 2025 பிப்ரவரியில் போய்விட்டது. சட்டப்படி இனி அவர் வர வேண்டியதில்லை. போன் எண் இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்கிறார்.

டப்பா இன்னும் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. போன வாரம் நிரப்பப் போனேன். முறுக்கெல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. எடுத்துக் கடித்துப் பார்த்தேன், நமுத்துப் போயிருந்தது. நாலைந்து நாளாக அவள் அதைத் திறக்கவே இல்லை.