பன்னிரண்டு முதல் மூன்று வரை

ஏப்ரல் 28, ஞாயிறு

செய்தித்தாளில் தினமும் ஒரே தலைப்பு: வெயில் சதமடித்தது. பாரன்ஹீட்டில் 100ஐத் தாண்டினால் சதம். 104 என்றால் 40 டிகிரி செல்சியஸ். சமவெளியில் வெப்பம் 40ஐத் தொட்டு, இயல்பை விட 4.5 டிகிரி கூடவும் இருந்தால் வானிலைத் துறை அதை வெப்ப அலை என்று சொல்லும். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. தெரு நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். குழாயடி ஈரத்தில் படுத்திருந்தால் சாதாரண வெயில். சாக்கடையில் இறங்கிக் கழுத்தளவு படுத்துவிட்டால், ஆடு மேய்க்கப் போனவர்கூடப் பதினோரு மணிக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

இன்று விடியற்காலையில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ராத்திரியே ஊற வைத்து வடிகட்டியிருந்தோம். காற்றில் உதிராமல் ஒட்ட வேண்டும் என்று வீட்டுக்காரர் கொஞ்சம் பசையும் கலந்தார். மகள் ஒரு மூலையிலிருந்து, நான் ஒரு மூலையிலிருந்து. எட்டு மணிக்கு மேல் வெறுங்காலை வைக்க முடியவில்லை. கான்கிரீட் பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரிதான் வெளியே விடுகிறது. வெளியே காற்று தணிந்த பிறகும் உள்ளே மின்விசிறி அனலை அள்ளி வீசுவது அதனால்தான். வெள்ளை அடித்தால் வெயில் கொஞ்சமாவது திரும்பிப் போகும். ஒரே கஷ்டம், மதியம் வடகம் திருப்பிப் போட மாடிக்குப் போனால் கண் கூசுகிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

என் வேலை தெரியாதவர்களுக்காக: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் வீட்டுக்குப் போய்ப் பரிசோதித்து, மாத்திரை கொடுத்துவிட்டு வர வேண்டும். இந்தத் திட்டம் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று, சூளகிரி ஒன்றியம் சாமனப்பள்ளியில்.

கோடையில் இந்த வேலைக்கு ஒரு வேடிக்கை உண்டு. பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வெளியே வராதீர்கள் என்று எங்கே பார்த்தாலும் அறிவிப்பு. ஊர்க்காரர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், தக்காளி பறிக்கிறவர்கள், மாந்தோப்பில் காவல் இருக்கிறவர்கள் எல்லோரும் வெளுக்கும்போதே கிளம்பி, உச்சிக்கு முன்னால் வீடு வந்து சேர்கிறார்கள். காலை பத்து மணிக்குப் போனால் எல்லா வீட்டிலும் பூட்டு. ஆக, யாரும் வெளியே வரக்கூடாத நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் ஆள் இருக்கிறது. அதனால் நான் வெளியே போகிறேன். சேலைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு, மேலே குடை, பையில் இரண்டு லிட்டர் தண்ணீர்.

இப்படிப் போவதால், ஊர் மதியத்தை எப்படித் தள்ளுகிறது என்பது என்னைப் போல யாருக்கும் தெரியாது. மேலத் தெருவில் ஓட்டு வீடுகள். திண்ணையில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து புளி தட்டுகிறார்கள். ஓடு நீக்கிய புளியைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையை எடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஓய்வு நேரம் என்று நாம் நினைப்பதில் அவர்களுக்கு இன்னொரு கூலி ஓடிக்கொண்டிருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால் இடது கையைத்தான் நீட்டுவார்கள். வலது கையில் சுத்தி. சத்தத்தில் எனக்கும் சரியாகக் காது கேட்காது, "கொஞ்சம் நிறுத்துங்க அக்கா" என்று கெஞ்ச வேண்டும்.

காலனியில் பெரும்பாலும் சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகள். அங்கே மதியத்தில் உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள், இருக்கவும் முடியாது. புங்க மரம் சித்திரையில் புதுத் தழை விட்டு அடர்ந்து நிற்கிறது. மொத்தத் தெருவும் அதன் கீழே. கயிற்றுக் கட்டில், பாய், தொட்டில் எல்லாம் அங்கேதான். நான் வீடு வீடாக ஏற வேண்டியதில்லை. பெயரைக் கூப்பிட்டால் பாயிலிருந்தே கை உயரும். கூரையில் ஷீட் போட்ட வீட்டுக்கு மரம் எவ்வளவு முக்கியம் என்று திட்டம் போடுகிறவர்கள் ஒரு மதியம் வந்து பார்க்கலாம்.

மெயின் ரோடு பக்கம் ஏசி வைத்த வீடுகள் சில. கதவு திறக்க நேரமாகும். திறந்ததும் ஒரு குளிர்ந்த காற்று வந்து முகத்தில் படும். சர்க்கரை பார்க்கிற அந்த இரண்டு நிமிடத்தை நான் கொஞ்சம் இழுப்பதுண்டு.

மே 2, வியாழன்

ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை. குழாய் உடைப்பு என்றார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் என்றால் அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல். எங்களுக்கு அது குடம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது. பழைய ஆட்களின் பல்லில் இருக்கிற காவிக் கறையைப் பார்த்தாலே தெரியும். முழங்காலை மடக்க முடியாதவர்களும் உண்டு. ஜப்பான் நிதியுதவியோடு வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது.

கோடையில்தான் இதன் கொடுமை புரியும். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று நானே வீடு வீடாகச் சொல்கிறேன். நல்ல தண்ணீர் நின்ற நாளில் அவர்கள் குடிப்பது போர் தண்ணீரை. மற்ற நாளை விட இரண்டு பங்கு.

மே 4, சனி

கத்திரி தொடங்கிவிட்டது. சித்திரை 21இலிருந்து வைகாசி நடு வரைக்கும். அதற்கு முன்னால் அடித்தது என்ன வெயிலாம்?

இன்று முதல் வேலையாக ஆயா வீடு. எண்பதை நெருங்குகிறவர், தனியாக இருக்கிறார், இன்சுலின் போடுகிறவர். ஃபிரிட்ஜ் கிடையாது. இன்சுலினைச் சும்மா அலமாரியில் வைத்தால் இந்தச் சூட்டுக்கு அதன் வேகம் போய்விடும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் அங்கே மருமகள் அதை உறைய வைக்கிற தட்டில் தள்ளிவிட்டாளாம். உறைந்தாலும் வீண்தான். அதனால் பானை முறைக்கு மாறினோம். பெரிய மண்பானையின் அடியில் மணல், அதற்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவிலும் மணல். காலையும் மாலையும் மணல் நனைகிற அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்னப் பானைக்குள் மூடி இறுக்கின டப்பாவில் மருந்து. மேலே ஈரத்துணி. ஈரம் காயக் காய உள்ளே குளிரும், காற்றோட்டமான நிழலில் வைத்தால் போதும். கிராமச் சுகாதாரச் செவிலியர் அக்கா வந்து பார்த்துச் சரி என்றார்.

ஆயா இன்று பானைக்குள் மருந்தோடு ஒரு வெள்ளரிப்பிஞ்சும் வைத்திருந்தார்.

"என்ன ஆயா இது?"

"உனக்குத்தான் கண்ணு. இந்த வெயில்ல வர்றியே, வாய்க்கு நல்லா இருக்கும்னு வச்சேன். உன் மருந்து மட்டும்தான் குளு குளுன்னு இருக்கணுமா?"

மருந்துப் பானையில் வேறு எதையும் வைக்கக் கூடாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு வெள்ளரிப்பிஞ்சைத் தின்றேன்.

அவருடைய மதியம் வேறு மாதிரி. பதினொன்றுக்குக் கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாயோடு. பிறகு இரண்டு வாசலையும் திறந்து வைத்து நடு நடையில் தரையிலேயே படுப்பார், ஈரத் துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டு. தூங்குவதில்லை. பழனி, திருவண்ணாமலை, பெங்களூரு என்று போன இடங்களை எல்லாம் யாராவது கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்கு நீர்க்கடுப்பு வந்தபோது கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு தடவியிருந்தார். தடவிக்கொள்ளட்டும். நான் ஒரு சொம்பு தண்ணீரைக் கண் முன்னால் குடிக்க வைத்தேன். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை எடுப்பவர்கள்தான் கோடையில் எனக்குப் பயம். உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். தாங்களாகவே மாத்திரையை நிறுத்துகிற ஆட்களும் உண்டு, அது இன்னும் மோசம். தலை சுற்றுகிறது என்று யார் சொன்னாலும் பெயரைக் குறித்துச் செவிலியரிடம் சொல்லிவிடுகிறேன்.

மே 6, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். மகள் 478. வீட்டில் பாயசம், ஆனால் சூட்டுக்கு யாருக்கும் இறங்கவில்லை. ஆளுக்கு ஒரு நுங்கு வாங்கியதுதான் நிஜமான கொண்டாட்டம்.

மத்தியானம் கூழ் வண்டி பக்கத்தில் ஒருவர் சரிந்து உட்கார்ந்துவிட்டார். மாங்காய் லோடு ஏற்றுகிறவர். வேர்வை கொட்டியது, பேச்சு தெளிவாக இருந்தது. அதுவரைக்கும் நிம்மதி. வேர்வை நின்று, தோல் காய்ந்து கொதித்து, ஆள் உளற ஆரம்பித்தால்தான் ஆபத்து. அப்போது வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். இவரை நிழலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்தோம். ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். கூழ் வண்டிக்கார அண்ணன் தன் குடையையே பிடித்துக்கொண்டு நின்றார், வியாபாரம் போனாலும். எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லாரி போயிடுச்சா?"

இந்த வருஷம் காய்ப்பு ரொம்பக் குறைவு. பூ கருகி, பிஞ்சு உதிர்ந்து, மரத்தைக் காப்பாற்ற டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கிற லோடை விட்டால் கூலி இல்லை.

மே 7, செவ்வாய்

பக்கத்து ஊரில் பாரதம் நடக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பந்தலுக்குக் கீழே பாரதம் படிப்பார்கள், ராத்திரி தெருக்கூத்து. எங்கள் பக்கம் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் இப்படித்தான் போகும். வயலில் வேலை இல்லாத மாதம், பகலில் தூங்க முடியாத மாதம், ராத்திரி வெளியே இருந்தால்தான் மூச்சு விட முடிகிற மாதம். இந்த மூன்றும் சேர்ந்துதான் திருவிழாவுக்குக் கூட்டத்தைக் கொடுக்கிறது என்பது என் எண்ணம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்று அர்ச்சுனன் தபசு. வெட்டவெளியில் உயரமான மரத்தை நட்டு ஏணி மாதிரிக் குச்சிகள் கட்டியிருந்தார்கள். வேஷம் கட்டியவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார். முகத்தில் அரிதாரம், மேலே வெயில், நிழல் என்று சொல்ல ஒரு இலை கிடையாது. கீழே குழந்தை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றிப் படுத்திருந்தார்கள். உச்சிக்குப் போனதும் அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார், முந்தானையில் பிடிக்க வேண்டும். சேலை காயக் காயச் சொந்தக்காரர்கள் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள்.

பையில் இருந்த ஓஆர்எஸ் எல்லாவற்றையும் அங்கேயே கொடுத்துவிட்டேன். இறங்கி வந்த அர்ச்சுனனுக்கும் ஒரு டம்ளர். "உப்பு கம்மியா இருக்கு தங்கச்சி" என்றார். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது டம்ளரும் கேட்டார். ராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் வேஷம் கட்ட வேண்டுமாம்.

மே 9, வியாழன்

நேற்று சாயங்காலம் காற்று, அப்புறம் மழை. நம்பவே முடியவில்லை, ஒரு மணி நேரம் விடாமல் அடித்தது. கரண்ட் போய் விடியற்காலைதான் வந்தது. மிச்சம் இருந்த மாங்காயில் பாதி தரையில். அடிபட்ட காய்க்கு மாம்பழக்கூழ் ஆலையில் என்ன விலை சொல்வார்கள் என்று தோப்புக்காரர்கள் முகம் வாடி நிற்கிறார்கள். மானாவாரிக் காடு வைத்திருப்பவர்களோ சிரிக்கிறார்கள். ஒரே மழைக்கு இரண்டு முகம். எங்கள் மாடிச் சுண்ணாம்பு ஓரங்களில் கரைந்து ஓடியிருக்கிறது, நடுவில் நிற்கிறது.

ஈரம் காய்வதற்குள் கோடை உழவு ஓட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் டிராக்டருக்குச் சொல்லி வைத்துவிட்டார்கள். இன்று மதியம் போனேன். மேலத் தெருவில் புளிச் சத்தம் இல்லை, புங்க மரத்தடியில் பாய் இல்லை, வரிசையாகப் பூட்டு. ஆயா மட்டும்தான் இருந்தார். ஒன்பது பேருக்கு மாத்திரை பாக்கி. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போக வேண்டும், டார்ச்சுக்கு பேட்டரி வாங்கணும்.