போனவில்லை என்று யாராவது சொல்வார்களா?

2010-ல் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அசிஸ்டண்ட் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன், ஆர்டர் வந்ததிலிருந்து சரக்கு போய்ச் சேரும்வரை பின்னாலேயே ஓடுகிற வேலை. தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். ஆங்கிலம் படித்தால் புரியும், வாயைத் திறந்தால் வராது, அந்த ரகம். சேர்ந்து இரண்டு மாதம் இருக்கும், சீனியர் அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் பையர், அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிற கம்பெனி, ஆபீஸிலிருந்து போன். எடுத்தேன். அந்தம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஹேவன்ட் யூ சென்ட் தி ஃபிட் சாம்பிள்ஸ்?" அளவு பார்க்கத் தைத்துக் கொடுக்கும் மாதிரிகளை இன்னும் அனுப்பவில்லையா என்று கேட்கிறார், எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்துவிட்ட சந்தோஷத்திலேயே "எஸ் மேடம்" என்றேன். ஆமாங்க, இன்னும் அனுப்பலீங்க என்று அர்த்தம். அவர் "கிரேட்" என்று சொல்லிவிட்டு கூரியர் நம்பரை மெயிலில் போடச் சொன்னார். அதற்கும் ஓகே மேடம். அனுப்பும்போது போட்டால் போயிற்று.

மூன்று நாள் கழித்து, நம்பர் எங்கே என்று மெயில் வந்தது, முதலாளிக்கும் காப்பி போட்டு. சாம்பிள் அப்போதுதான் தைத்து முடித்து அயர்ன் டேபிளில் கிடந்தது. முதலாளி கூப்பிட்டார். "ஏந்தம்பி, அனுப்பாததை அனுப்பிட்டேன்னு எதுக்குச் சொன்னே?" "நான் அப்படிச் சொல்லலீங்க." ஆனால் சொல்லியிருந்தேன். ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தேன் என்பது எனக்கே தெரியாது, அவ்வளவுதான்.

நாம் பதில் சொல்லும்போது கேட்டவர் சொன்னது சரியா தப்பா என்று சொல்கிறோம். அனுப்பலையா என்று கேட்டால், நீங்கள் நினைத்தது சரி, ஆமா. ஆங்கிலத்தில் எஸ்ஸும் நோவும் கேட்டவரைப் பார்ப்பதே இல்லை, நடந்த காரியத்தைத்தான் பார்க்கும். நடந்திருந்தால் எஸ், நடக்கவில்லை என்றால் நோ, கேள்வி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் சரி. பின்னாளில் ஒரு ஜப்பான் பையரோடு வேலை செய்தபோது இந்தத் தொல்லையே வரவில்லை, ஏனென்றால் ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலத்தான் ஆமா போடுவார்களாம், இரண்டு பேரும் சேர்ந்து தப்பாகப் பேசிச் சரியாகப் புரிந்துகொண்டோம். மற்றவர்களிடம் இன்றுவரை என் வழி ஒன்றுதான்: வெறும் எஸ், வெறும் நோ சொல்வதே கிடையாது. "நோ, வீ ஹேவன்ட் சென்ட் தெம்" என்று வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

அந்தப் போன் விவகாரத்துக்குப் பிறகு வெட்கத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். தினம் காலை ஆறரை மணிக்கு, 45 நாள். போர்டில் 12 கட்டம் போட்டார்கள். மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை, சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ். எல்லாக் கட்டத்திலும் ஒருவன் மாம்பழம் தின்றுகொண்டே இருந்தான். தின்கிறான், தின்றுகொண்டிருக்கிறான், தின்றுகொண்டிருந்திருப்பான். 45 நாளும் தின்றான். எங்கள் ஆபீஸில் யாரும் மாம்பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை, துணி டையிங்கிலிருந்து, அதாவது சாயம் போடுகிற இடத்திலிருந்து, வந்துவிட்டதா என்றுதான் கேட்டார்கள். சொல்லிக்கொடுத்தவரைக் குறை சொல்லவில்லை, கட்டம் எல்லாம் சரிதான். ஆனால் நான் தமிழில் நின்றுகொண்டிருக்கிறேன், என் கால் எங்கே வழுக்கும் என்று அந்தக் கட்டத்தில் எங்குமே இல்லை.

வழுக்குகிற இடங்களை நானாகத்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன், எல்லாமே விழுந்து பார்த்துத்தான்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மெயிலில் "டிட் யூ ரிசீவ்ட்", "வீ டிட் நாட் ரிசீவ்ட்" என்றே எழுதிக்கொண்டிருந்தாள். நானும் பல வருடம் அப்படித்தான் எழுதினேன். டிட் வந்தால் வெர்பின் முதல் வடிவம் போட வேண்டும் என்று விதி அவளுக்கு நன்றாகத் தெரியும், கேட்டால் ஒப்பிப்பாள், எழுதும்போது கை கேட்காது. ஒரு நாள் கேட்டேன், "அவன் போனான், இதுக்கு எதிர்மறை சொல்லு." "போகவில்லை." "ஏன், போனவில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?" சிரித்துவிட்டாள். "அப்படி யாருண்ணா சொல்லுவா?" சரி, அதேதான். இல்லை வந்து சேர்ந்ததும் 'போனான்' தன் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு 'போக' என்று நின்றுவிடுகிறது. "டிட் நாட் வென்ட்" என்பது போனவில்லை. ஒரு வித்தியாசம், நம் 'இல்லை' காலத்தைச் சுமப்பதில்லை, அவர்களுடைய டிட் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. கேள்விக்கும் அதே டிட்தான், முன்னால் போய் நின்றுகொள்ளும். நமக்கு அங்கே வேலையே இல்லை, போனானா என்று கடைசியில் ஒரு ஆ ஒட்டினால் கேள்வி. அவனா, நேற்றா, சென்னைக்கா, எந்தச் சொல்லின் மேல் சந்தேகமோ அதிலேயே ஒட்டிக்கொள்ளலாம், இந்த வசதியை விட்டுவிட்டுப் போய் டூ, டஸ், டிட் என்று மூன்று ஆளை வாசலில் நிறுத்துவது சோம்பேறிக்குக் கஷ்டம்தான். அந்தப் பெண் அதற்குப் பிறகு தப்பு வந்தால் தானே "ஐயோ போனவில்லை" என்று சொல்லித் திருத்திக்கொள்கிறாள்.

கேள்விச் சொல் வைத்துக் கேட்பது இன்னொரு கூத்து. நம் ஊரில் 'எப்போது' வாக்கியத்துக்குள் தன் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், அதற்காக வேறு யாரும் இடம் மாற வேண்டியதில்லை. அதனால்தான் "வென் யூ வில் சென்ட்?" என்று வருகிறது. ஒரு வழியாக "வென் வில் யூ சென்ட்?" என்று மாற்றிப் பழகினேன். பழகியது அளவுக்கு மீறிப் போய், "ப்ளீஸ் டெல் மீ வென் வில் யூ சென்ட்" என்று எழுத ஆரம்பித்தேன், அது தப்பு! ப்ளீஸ் டெல் மீ என்று முன்னால் ஏதாவது போட்டுவிட்டால், பழைய தப்பான "வென் யூ வில் சென்ட்" தான் அங்கே சரி. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. தமிழில் யோசித்தால் புரிகிறது, "எப்போது அனுப்புவீர்கள் என்று சொல்லுங்கள்" என்பதில் கேள்வி உள்ளே பொட்டலமாகக் கட்டப்பட்டிருக்கிறது, வெளியே இருப்பது சொல்லுங்கள். பொட்டலத்துக்குள் இருப்பதைப் பிரட்டக் கூடாது.

காலத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் காலவழுவமைதி என்று ஒன்று படித்திருப்பீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் வாசலில் நண்பன் கூப்பிட்டதும் "இதோ வந்துட்டேன்" என்பான், கையில் இன்னும் சோறு இருக்கும், விரைவு கருதி எதிர்காலத்தை இறந்தகாலத்தில் சொல்வது வழு ஆனாலும் வழுவல்ல என்று ஏற்றுக்கொண்ட இலக்கணம் நம்முடையது. எவ்வளவு பெரிய மனசு! ஆனால் இதை அப்படியே பையரிடம் கொண்டுபோகக் கூடாது. பேக்கிங் செக்‌ஷனில் போய்க் கேட்டால் சூப்பர்வைசர் "முடிஞ்சுதுங்க" என்பார். நம் ஆள் யாரும் அதைக் கேட்டு முடிந்துவிட்டது என்று நினைக்க மாட்டான், இன்னும் பத்து இருபது பெட்டி இருக்கிறது, சாயங்காலத்துக்குள் ஆகிவிடும் என்று எடுத்துக்கொள்வான். நான் அதைக் கேட்டுவிட்டு வந்து "பேக்கிங் இஸ் கம்ப்ளீட்டட்" என்று மெயில் தட்டினேன். மறுநாள் காலை இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்து நின்றார். 22 பெட்டி திறந்தபடி கிடந்தது. இப்போதெல்லாம் முடிஞ்சுதுங்க என்று யாராவது சொன்னால் எத்தனை பெட்டி பாக்கி என்று எண்ணிவிட்டு, "வில் பி கம்ப்ளீட்டட் பை ஈவினிங்" என்று எழுதுகிறேன்.

2011-ல் வந்தது இதைவிடப் பெரியது. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலப்பதால் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். ஊரே திகைத்து நின்றது, ஆர்டர்கள் பாதியில், துணியை எந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சாயம் போடுவது என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொடுத்த வேலை பையருக்குத் தகவல் எழுதுவது. "டையிங் யூனிட்ஸ் ஆர் க்ளோஸ்ட் ஃப்ரம் ஜனவரி 28" என்று எழுதினேன். ஒரு வரியில் பதில் வந்தது: 28-லிருந்து எந்தத் தேதி வரை? பொங்கல் லீவு மாதிரி ஏதோ என்று நினைத்துவிட்டார்கள். ஃப்ரம் என்றால் பின்னால் ஒரு டு வரும் என்று காத்திருக்கிறார்கள். "ஹேவ் பீன் க்ளோஸ்ட் சின்ஸ் ஜனவரி 28" என்றிருக்க வேண்டும், அன்று மூடியது, இன்றும் மூடியே கிடக்கிறது, எப்போது திறக்கும் என்பது யார் கையிலும் இல்லை என்கிற மொத்தமும் அந்த ஹேவ் பீனில் இருக்கிறது. நமக்கு இது 28-லிருந்து மூடிக் கிடக்குது, வெறும் நிகழ்காலம், அதனால் வாய் தானாக "ஆர்" என்கிறது. "ஐ யாம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2010" என்று நாம் எல்லோரும் சொல்வதும் இதே வழியில் வந்ததுதான்.

இந்த ஹேவ் இன்னொரு இடத்திலும் வாரிவிடும். நேற்றே அனுப்பியிருக்கேனே என்று நமக்கு அழகாக வருகிறது, ஆங்கிலத்தில் "ஐ ஹேவ் சென்ட் எஸ்டர்டே" ஆகாது. நேற்று என்று வாயில் வந்துவிட்டால் ஹேவைக் கீழே இறக்கிவிட வேண்டும். இதை எனக்குக் கடைசியில் புரியவைத்தது இலக்கணப் புத்தகம் இல்லை, எங்கள் டி அண்ட் ஏ ஷீட், டைம் அண்ட் ஆக்‌ஷன் என்கிற வேலை அட்டவணை. மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு ஆர்டருக்கும் லேப் டிப் என்கிற சாய மாதிரி முதல் ஷிப்மெண்ட் வரை ஒவ்வொரு வேலைக்கும் பிளான் தேதி, ஆக்சுவல் தேதி, ஸ்டேட்டஸ் என்று பத்திகள் இருக்கும். ஆக்சுவல் தேதியைப் பார்த்துப் பேசினால் வெறும் "சென்ட்". ஸ்டேட்டஸைப் பார்த்துப் பேசினால் "ஹேவ் சென்ட்", அங்கே தேதிக்கு இடமில்லை, ஆச்சா ஆகலையா மட்டும்தான். பிளான் தேதி என்றால் "வில்". தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்புவது மட்டும் "தி வெசல் சேல்ஸ் ஆன் ஃப்ரைடே", பஸ் டைம் மாதிரி அட்டவணையில் இருப்பதால் நிகழ்காலம். 12 கட்டத்தில் எங்கள் வேலைக்கு அடிக்கடி வேண்டியது இவ்வளவுதான், மாம்பழக்காரனுக்கு விடை கொடுத்துவிட்டேன்.

ஆனால் இதெல்லாம் சரியாக எழுத வந்த பிறகும் என் மெயில் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருப்பதாகப் பையர் ஆபீஸில் பேச்சு. "வென் வில் யூ கிவ் அப்ரூவல்?" இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. கொங்குப் பக்கத்து ஆள் நான், யாரையும் மரியாதை இல்லாமல் பேசிப் பழக்கமில்லை, பஸ்ஸில் சில்லறை கேட்டாலும் ஒரு ங்க வந்துவிடும். எப்பங்க, ஏனுங்க, சரிங்க, இல்லீங்க. அந்த ங்க ஒட்டிய கேள்வியைத்தான் மனதில் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், மெயிலில் அது போய்ச் சேரவில்லை! ங்க ஒட்டுவதற்கு ஆங்கிலத்தில் இடமே இல்லை என்று ரொம்ப நாள் நினைத்தேன். இருக்கிறது, வேறு எங்கோ வைத்திருக்கிறார்கள். "குட் யூ லெட் அஸ் நோ" என்பதில் அந்த குட், கேனின் இறந்தகால வடிவம், ஆனால் பழைய காலத்தைச் சொல்லவில்லை, அதுதான் ங்க. "ஐ வாஸ் வொண்டரிங் இஃப்" என்பதில் வாஸ் ஒரு ங்க. இன்றைக்குக் கேட்பதை ஏன் இறந்தகாலத்தில் கேட்கிறார்கள் என்று முதலில் விசித்திரமாக இருந்தது, அப்புறம் யோசித்தால் நாமும் கடன் கேட்கப் போனால் "ஒரு உதவி கேக்கலாம்னு வந்தேனுங்க" என்றுதானே இழுக்கிறோம்? எதிரிலேயே நின்றுகொண்டு வந்தேன் என்கிறோம். கேட்பதைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்தால், இல்லை என்று சொல்ல வருபவருக்கும் சங்கடம் குறைகிறது.

இன்னும் பிடிபடாதது ஒன்று உண்டு. எத்தனையாவது. இந்த ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேர்ச்சொல் கிடையாது, பள்ளி நாளிலிருந்து எல்லோரும் விடுகதை போலக் கேட்டு விளையாடியதுதான், ஆனால் வேலையில் மாட்டும்போது விளையாட்டாக இல்லை. போன வாரம் ஒரு போன் காலில் ஒரு பிரிண்ட் டிசைனை மறுபடி மாற்ற வேண்டும் என்றார்கள். இது எத்தனையாவது ரிவிஷன் என்று கேட்க வேண்டும் எனக்கு, கொஞ்சம் மரியாதையோடும் கொஞ்சம் கடுப்போடும். சுற்றிச் சுற்றி யோசித்து, கடைசியில் "குட் யூ கன்ஃபர்ம், இஸ் திஸ் தி தேர்ட் ரிவிஷன் ஆர் தி ஃபோர்த்?" என்றேன். ங்க எல்லாம் சரியாகப் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபைல் தேடுகிற சத்தம்.

"ஃபிஃப்த்."