மறைவு: 00.00.0000

காரைக்குடிப் பக்கம் ஃபிளக்ஸ், டிடிபி வேலை பார்க்கிறவர்களின் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்கு ‘அஞ்சலி’ என்று யாரும் பெயர் வைப்பதில்லை. ‘பழசு 2’ என்றோ வெறும் எண்ணாகவோ கிடக்கும். மானிட்டர் பாதி கஸ்டமர் பக்கமும் திரும்பியிருக்கிறதே! தலைவரின் பிறந்தநாளுக்கு பேனர் அடிக்க வந்த நகரச் செயலாளர், அதே தலைவருக்குக் கறுப்பு பார்டரில் ஒரு டிசைன் தயாராக இருப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு ஷட்டர் இறங்கிவிடும்.

உள்ளே இருப்பது பெரிய ரகசியமில்லை. பிறந்தநாளுக்கு வெட்டியெடுத்த அதே படம்தான். பட்டாசு, பூங்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பின்னணியைக் கறுப்பாக்கி, கீழே குத்துவிளக்கு வைத்திருப்பார்கள். ‘தோற்றம்’ என்ற இடத்தில் பிறந்த தேதி நிரப்பப்பட்டிருக்கும். மறைவு என்ற இடத்தில் 00.00.0000.

இப்படி ஒரு ஃபோல்டரை வைத்துக்கொண்டு வருடம் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களிடையே ‘அடுத்தது யார்’ என்ற விளையாட்டு முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு ‘டெட் பூல்’ என்று பெயர்; பிணந்தின்னிப் பேயைச் சேர்த்து ‘கூல் பூல்’ என்றும் சொல்வார்கள். அங்கே அலுவலகங்களில் வருடாவருடம் நடக்கிறது. இங்கே அதற்குப் பெயர் கிடையாது. ‘லிஸ்ட் போட்டாச்சா?’ என்று கேட்டால் போதும், புரியும்.

விதிகள் ஒன்றும் சிக்கலானவை இல்லை. டிசம்பர் 31 இரவுக்குள் ஒவ்வொருவரும் 10 பெயர் எழுதி, மடித்து, பசை ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். அங்கே 20 பெயர் வரை போடுகிற ஆட்டங்களும் உண்டு. 5 பேர் வேலை பார்க்கும் கடைக்கு 10 தாராளம். வருடத்துக்குள் பட்டியலில் ஒருவர் போனால், 100-லிருந்து அவர் வயதைக் கழித்தால் வருவது மதிப்பெண். 94 வயதில் மறைந்த கலைஞரை எழுதியிருந்தவருக்கு 2018-இல் 6 கிடைத்திருக்கும். 83 வயதில் ஷில்லாங்கில் மேடையிலேயே சரிந்த அப்துல் கலாமுக்கு 17. நடிகர் விவேக் 59 வயதில் போனார், 41. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமாருக்கு வயது 46, கணக்குப்படி 54. ஆனால் அந்தப் பெயரை எந்தப் பட்டியலிலும் எவன் எழுதியிருப்பான்? கழித்தல் கணக்கின் தந்திரமே அதில்தான் இருக்கிறது. கிழவர்களாக நிரப்பினால் அடிக்கடி விழும், சில்லறையாக விழும். இளசாக ஒரு பெயரை எழுதக் கை வராது. உயிரோடு இருப்பவர்கள் யார் யார் எழுதப்படுகிறார்கள் என்பதை நானும் இங்கே எழுதப் போவதில்லை.

புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, ஆஸ்பத்திரிச் செய்தியைப் பார்த்து எழுதுவது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2023 பிப்ரவரியில் இனி மருத்துவம் வேண்டாமென்று வீட்டோடு இருந்துகொண்டார். அந்த வருடம் அவரை நம்பியவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. 2024 டிசம்பர் 29-இல்தான் காலமானார். அப்போது அவருக்கு வயது 100. நூறிலிருந்து நூறு போனால் பூஜ்யம். நாள் குறிக்கப்பட்டவர்கள் நாளைத் தள்ளிக்கொண்டே போவது நம் ஊர்ப் பெரிய வீடுகளில் தெரிந்த சங்கதிதான். ‘இன்னிக்கா நாளைக்கா’ என்று வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளை வரவழைத்துவிட்டு, அவர்கள் திரும்பிப் போகும்வரை ஆச்சி கஞ்சி கேட்டுக் குடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, வருடக் கடைசித் தகராறு. அமெரிக்க நடிகை பெட்டி ஒயிட் 2021 டிசம்பர் 31-இல் போனார். 100-ஆவது பிறந்தநாளுக்கு 17 நாள் பாக்கி. ஒரு வாரப் பத்திரிகை நூறு வயதுக் கொண்டாட்ட அட்டையோடு கடைக்கே வந்துவிட்டிருந்தது. மதிப்பெண் 1. அந்த ஒன்றுதான் சில வருடங்களில் வெற்றியைத் தீர்மானிக்கும் என்பதால், இறந்தவர் இருந்த ஊரின் தேதியைத்தான் எடுக்க வேண்டும், நம் காலண்டரை அல்ல என்று முதலிலேயே எழுதி வைப்பது நல்லது.

மூன்றாவது, ஊர்ஜிதம். விளையாட்டும் தொழிலும் ஒரே புள்ளியில் நிற்பது இங்கேதான். 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாயே நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஜே.பி. பம்பாய் ஆஸ்பத்திரியில் உயிரோடிருந்தார். போனது அக்டோபர் 8-இல். 2016 டிசம்பர் 5 சாயங்காலம் ஜெயலலிதா மறைந்ததாகச் சில தமிழ்ச் சேனல்கள் சொல்லிவிட, கட்சித் தலைமையகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கி மறுபடி ஏறியது. ஆஸ்பத்திரி அறிக்கைப்படி உயிர் பிரிந்தது அன்றிரவு 11.30-க்கு, அறிக்கை வெளிவந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆக, சாயங்காலமே அடித்தவன் உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி அடித்திருப்பான். விடிந்து அடித்தவனுக்குத் தேதி 6 என்று விழுந்திருக்கும். போஸ்டரில் 5.12.2016 என்று சரியாக வர வேண்டுமானால், சேனலை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி அறிக்கையைப் பார்த்தால்தான் ஆகும். ஆகவே ஆட்டத்துக்கும் அதே விதி: ஆஸ்பத்திரி அல்லது குடும்பத்தின் அறிவிப்பு, அதோடு இரண்டு நாளிதழ். வாட்ஸ்அப் செல்லாது.

பத்திரிகை அலுவலகங்கள் இதை நம்மைவிட முறையாகச் செய்கின்றன. நியூயார்க் டைம்ஸில் பெரிய மனிதர்களின் இரங்கல் கட்டுரைகள் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். நடிகை எலிசபெத் டெய்லர் 2011-இல் இறந்தபோது வந்த கட்டுரையை எழுதிய மெல் கஸ்ஸோ, 2005-லேயே போய்ச் சேர்ந்திருந்தார். எழுதி வைப்பதில் ஆபத்தும் உண்டு. 2008 ஆகஸ்டில் ப்ளூம்பெர்க், ஸ்டீவ் ஜாப்ஸின் இரங்கல் குறிப்பைத் தவறுதலாக வெளியிட்டுவிட்டது. அவர் இன்னும் மூன்று வருடம் இருந்தார்.

நம் கடைகளில் ஆபத்து வேறு மாதிரி வரும். டிசைனை வேறு மெஷினுக்கு அனுப்புமுன் எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக, அதாவது ‘கர்வ்ஸ்’ ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாமினி எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ‘கண்ணீர் அஞ்சலி’ ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். ஆனால் தேதியையும் சேர்த்து கர்வ்ஸ் ஆக்கிவிட்டால் அவசரத்தில் மாற்ற முடியாது. தேதி வரியை மட்டும் தனி லேயரில் எழுத்தாகவே விட்டு வைப்பதுதான் வழி. அதை மறந்தால் பூஜ்யங்களோடே பேனர் ஏறிவிடும்.

அடுத்தது கறுப்பு. கறுப்பை மட்டும் 100 வைத்தால் ஃபிளக்ஸில் சாம்பல் தட்டும். நான்கு மையையும் 100 வைத்தால் காயாமல், சுருட்டி வைத்ததும் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது தலைவரின் கன்னம் உரிந்து வரும். கறுப்பு 100, சியான் என்கிற நீல மை 40 என்று வைத்து, ஃபேன் காற்றில் காய விட்டுச் சுருட்டினால் பிழைக்கலாம். மை பீய்ச்சும் நாஸில் அடைத்திருந்தால் கல்யாண பேனரின் பூ வேலைப்பாட்டில் தெரியாது. கறுப்பில் குறுக்குக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். அஞ்சலி வேலைக்கு முன் நாஸில் டெஸ்ட் எடுக்காமல் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

படமும் தகராறுதான். 6×4 அடியை 72 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி வீதம் அடிக்க 5184×3456 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் படமாக அனுப்பினால் அது சுருங்கி 1600 சொச்சத்தில் வந்து நிற்கும். ‘டாகுமென்டாக அனுப்புங்க’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். பெரிய தலைவர் போன அன்று பஸ் ஓடாது, மதுரையிலிருந்து ரோலும் மையும் வராது. ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். 2017 அக்டோபரில், உயிரோடிருப்பவர் படத்தை பேனரில் போடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அது நீடிக்கவில்லை, ஆனால் அந்த நாட்களில் ஃபோல்டர் ‘பழசு 2’-க்கு வந்த மரியாதையே தனி.

பணம் வைத்து ஆடக்கூடாது. வைத்தால் அது சூதாட்டம். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டில் முன்பின் தெரியாத பெரிய மனிதர்களின் உயிர் மீது இன்சூரன்ஸ் பாலிசி எடுத்து, எப்போது போவார் என்று பந்தயம் கட்டினார்கள். 1774-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்: ஒருவர் சாவால் உனக்கு உண்மையான நட்டம் இல்லையென்றால் அவர் பெயரில் பாலிசி எடுக்காதே. இன்றைக்கும் உயிர் காப்பீட்டின் அஸ்திவாரம் அதுதான். கடையில் இதையே தலைகீழாகத் திருப்பிக்கொள்ளலாம்: ஜெயித்தவர்தான் செலவழிக்க வேண்டும். எல்லோருக்கும் வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும். இந்த ஒரு விதியால், யாரும் ஜெயிக்க வேண்டுமென்று சாமி கும்பிடுவதில்லை.

இன்னொரு விதியை எழுதி வைக்கத் தேவையில்லை. ஊர்க்காரர் பெயர் பட்டியலில் வரக்கூடாது. எவ்வளவு பெரிய புள்ளியாக இருந்தாலும் சரி. இந்த ஊரில் ஒருவர் யாருக்காவது மாமனாக, யாருக்காவது முதலாளியாக, நமக்கே பழைய பாக்கிக்காரராக இருப்பார்.

அவர்களுக்கு ஃபோல்டரில் டெம்ப்ளேட்டும் கிடையாது. கேத வீட்டிலிருந்து இரண்டு பேர் பைக்கில் வருவார்கள். கல்யாண ஆல்பத்தில் பக்கத்து ஆளின் தோளோடு சேர்ந்த ஒரு படம் இருக்கும். தோளை வெட்ட வேண்டும். நகரத்தார் வீடு என்றால் முதலில் பெயருக்கு முன்னால் வரும் விலாச எழுத்துகளைப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ‘பழ.’, ‘அரு.’, ‘மெய்.’ என்று நிற்பதில் ஒன்று முன்பின் மாறினாலும் அது வேறு வீடு. பங்காளிகள் வந்து நிற்பார்கள். எந்தக் கோயில் பிரிவு என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும், இளையாத்தங்குடியா மாத்தூரா என்று. அப்புறம் தோற்றம். அங்கேதான் தயங்குவார்கள். ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், பாதி ஊருக்கு அதே தேதி. ஒருவர் போனை எடுத்து, ‘அப்பத்தா பொறந்தது எந்த வருஷம்னு பெரியத்தைகிட்டக் கேளு’ என்பார். மறுமுனையில் அழுகைச் சத்தம்தான் கேட்கும். மறைவுத் தேதியை முதலில் போட்டுவிட்டு, கர்சரைத் தோற்றத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்போம்.